நஞ்சம்மா நடத்திய மஞ்சள் நீராட்டு

முத்துமணி ஆளாகிவிட்டாள் என்று ஊருக்குச் சாட்சி சொன்னது ஒரு கோழிக்குஞ்சின் ரத்தம். அந்தக் குஞ்சை அறுத்தவள் அவளைப் பெற்ற நஞ்சம்மாதான்.

அப்போது அவர்கள் குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தார்கள். முத்துமணிக்குப் பதினைந்து முடிந்திருந்தது. கூடப் படித்த பெண்களுக்கெல்லாம் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பச்சை ஓலைக் குடிசை கட்டியாகிவிட்டது. இவளுக்கு மட்டும் ஒன்றையும் காணோம். "இன்னும் ஒண்ணும் இல்லியா மே?" என்று குழாயடியில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், போகப் போகக் கேட்பதை விட்டுவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தார்கள். கேள்வியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. இருசி என்று ஒரு சொல் இருக்கிறது. வயசுக்கே வராத பெண்ணுக்கு ஊர் வைக்கிற பேர் அது. ஒட்டிக்கொண்டால் சாகிறவரைக்கும் போகாது.

நஞ்சம்மாவின் அண்ணன் சென்னப்பன் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். தன் மகன் கரியப்பனுக்கு முத்துமணிதான் என்று அவள் தொட்டிலில் கிடந்த நாளிலேயே சொல்லிவைத்தவர். அவரே ஒரு சந்தை நாளில் வந்து உட்கார்ந்து, வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே, "இன்னும் எத்தன நாளைக்கும்மா பாத்துக்கிட்டு இருக்கறது? எம் பொண்டாட்டி வேற எடத்துல பேச்சு கொடுத்துட்டா" என்றார். அவர் மாட்டைப் பற்றிப் பேசுகிறாரா மருமகளைப் பற்றிப் பேசுகிறாரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

அவர் போன பிறகு நஞ்சம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். சிலதுகள் முந்தி ஆகும், சிலதுகள் பிந்தி ஆகும். ஆறு மாசத்தில் தானாக வந்துவிடப் போகிறது. வந்துவிட்டால் பொய்யும் நிஜமாகிவிடும், யாருக்கு என்ன குடி முழுகிப் போகிறது? மறுநாள் விடிந்ததும் தாய்க்கோழியை விரட்டிவிட்டு ஒரு குஞ்சைப் பிடித்தாள். கொல்லையில் வைத்து மகளுடைய பாவாடையைக் கறையாக்கினாள். "வாயத் தொறந்தே, உசுரோட புதைச்சுடுவேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, துணி வெளுக்கும் ஜோதியம்மாளுக்கு ஆள் விட்டாள். முதல் தீட்டுத் துணியை எடுத்துப் போவது ஜோதியம்மாளின் உரிமை. அவள் அந்தப் பாவாடையைப் பிரித்துப் பார்த்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கச் சேதி சொல்லி முடித்துவிட்டாள்.

சென்னப்பன் வண்டி நிறையத் தென்னம் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டினார். பதினோராம் நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தாய்மாமன் சீர், மாலை, மைக் செட், கிருஷ்ணகிரியிலிருந்து வந்த போட்டோக்காரர் என்று ஒன்றுக்கும் குறையில்லை. நஞ்சம்மாவின் புருஷன் வெங்கடசாமிக்குக்கூட விஷயம் தெரியாது. கல் குவாரியில் வாரத்துக்கு ஆறு நாள் கிடந்துவிட்டு ஏழாவது நாள் வீட்டுக்கு வருகிற மனுஷன், மகள் ஆளான சந்தோஷத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். போட்டோவில் முத்துமணியின் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் வெட்கம் என்றார்கள்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு மாசாமாசம் தீனி போட வேண்டும். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை முத்துமணி மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தாக வேண்டும் என்று நஞ்சம்மா சட்டம் போட்டாள். தனித் தட்டு, தனிப் பாய், நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர். முதல் கொஞ்ச மாசம் அந்தப் பெண் சொன்னபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். மாசத்தில் இரண்டு நாள், மூன்று நாள், பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவாள்.

"உக்காரச் சொன்னா உக்காரு. கூத்தாடிப் பொண்ணு மாதிரி என்னாத்துக்கு இவ்ளோ நடிக்கிற?" என்று நஞ்சம்மா அதட்டினாள்.

"நெசமாவே வலிக்குதும்மா."

"வராத தீட்டுக்கு எங்கேருந்துடி வலி வரும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முத்துமணிக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பத்தாம் வகுப்பில் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் அறுத்துப் பார்த்திருக்கிறாள். சூலகம், சூல்முடி, மகரந்தப்பை என்று அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்து, பத்துக்கு ஒன்பது மார்க்கும் வாங்கியிருக்கிறாள். அதற்கு அடுத்த பாடம் மனுஷர்களைப் பற்றியது. அதை வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். பூவுக்குத் தெரிந்திருந்த விவரம் பெண்ணுக்குத் தெரியாமலே பள்ளிக்கூடம் முடிந்தது.

பிறகு வெங்கடசாமி குவாரியிலேயே தங்கிவிட, தாயும் மகளும் ஓசூருக்கு வந்தார்கள். எண்பத்தெட்டாம் வருஷம். சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கம்பெனி ஒன்றில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்களை அப்ரன்டீஸாக எடுத்தார்கள். பதினெட்டு நிறைந்த முத்துமணிக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷம் தாக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து அவள் சுற்றுகிற நேர்த்தியைப் பார்த்து, சூப்பர்வைசர் மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். பக்கத்து இருக்கையில் ரோஷன் பீ. பாகலூர் ரோட்டில் பழக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், முத்துமணிக்கு நாலு வயசு மூத்தவள். அக்கா அக்கா என்று இவள் அவளையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் ஒரு தரம் பெண்களுக்குச் சுகாதார வகுப்பு என்று கூட்டம் போட்டார்கள். பர்ஸ்ட் எய்டு ரூம் சிஸ்டர் சுவரில் ஒரு படத்தை மாட்டினார். பெண்ணின் உடம்பு. தலை, நுரையீரல், ஈரல் எல்லாம் கலர் கலராக இருந்தது. தொப்புளுக்குக் கீழே மட்டும் யாரோ வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். சிஸ்டர் அரைமணி நேரம் கை கழுவுவதைப் பற்றிப் பேசினார். கடைசியில், "அந்த நாள்ல வலின்னா கூச்சப்படாம வந்து மாத்திரை வாங்கிக்குங்க" என்றார். முத்துமணி அதன்படி மாசாமாசம் போய் மாத்திரை வாங்கினாள். சிஸ்டரும் மாசாமாசம் ரெஜிஸ்டரில் 'மாதவிடாய் வலி' என்று எழுதிக்கொண்டார்.

பதினோராவது மாசம் அவள் வயிறு உப்பத் தொடங்கியது. முதலில் தாவணியை இறுக்கினாள். அப்புறம் அதுவும் பத்தவில்லை. மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தது, ஒருநாள் அதுவும் நின்றது. அன்றைக்கு மெஷினின் மேலேயே மயங்கி விழுந்தவளை ரோஷன் பீயும் இன்னொரு பெண்ணும் தூக்கிப் போய்ப் படுக்க வைத்தார்கள். சிஸ்டர் வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தார், கையை எடுத்தார், வெளியே போய் பர்சனல் ஆபீசரிடம் என்னவோ சொன்னார். கம்பெனி ஜீப்பில் முத்துமணியை வீட்டில் இறக்கிவிட்ட டிரைவர், "சொல்லி அனுப்பற வரைக்கும் வர வேண்டாம்னாங்க" என்றான். அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வயிற்றைப் பார்த்துச் சொன்னான்.

நஞ்சம்மா கதவைச் சாத்தினாள். விளக்குமாற்றை எடுத்தாள்.

"எவன்டி? சொல்லு, எவன்?"

"அம்மா, சாமி சத்தியமா இல்லம்மா. மூத்திரம் வரலம்மா. உசுரு போவுதும்மா."

முத்துமணியை விட்டால் இந்த உலகத்திலேயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், இந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தீட்டே வந்ததில்லை என்று. அந்த ஒருத்தி அடித்துக்கொண்டிருந்தாள். பூக்காமலே காய்க்கிறது உண்டு என்று யாரோ எப்போதோ சொன்னதை நினைத்துக்கொண்டு அடித்தாள். கை ஓய்ந்த பிறகு மகள் வாந்தியெடுத்ததைப் பார்த்துப் பயந்துபோனாள். கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சந்தைக்கு வருகிற சொந்தக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். ஓசூரிலும் தெருவுக்கு ஒரு தெரிந்த முகம். அதனால் மாநில எல்லை தாண்டி ஆனேக்கலுக்கு பஸ் ஏறினாள். எல்லை தாண்டினால் யாருக்கும் தெரியாது என்பது அவள் நினைப்பு.

ஆனேக்கல் லேடி டாக்டர் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். நஞ்சம்மாவுக்கு இரண்டும் தெரியும்.

"மாசாமாசம் சரியா ஆகுதா?"

"ஆகுதுங்க" என்றாள் நஞ்சம்மா.

"இல்ல டாக்டர்" என்று படுத்திருந்தவள் சொன்னாள். "எனக்கு ஒருவாட்டி கூட ஆனதே இல்ல."

நஞ்சம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளி, அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். முதலில் குழாய் வைத்து மூத்திரத்தை எடுத்தார்கள். உள்ளே முத்துமணி விட்ட பெருமூச்சு வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்து நஞ்சம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நோடம்மா, இங்க பாரு, பிள்ளையும் இல்ல, கட்டியும் இல்ல. வயித்துக்குள்ள இருக்கறது பூரா ரத்தம். ரெண்டு மூணு வருஷத்து ரத்தம்."

நஞ்சம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரைந்தார். மேலே ஒரு புள்ளி, நடுவில் ஒரு வட்டம், கீழே இன்னொன்று.

"பொம்பளைக்குக் கீழ மூணு வழி. முன்னால இருக்கற சின்னது மூத்திரத்துக்கு. பின்னால இருக்கறது மலத்துக்கு. நடுவுல இருக்கு பாரு, இதுதான் தீட்டு வர்ற வழி, பிள்ளை பொறக்கற வழி. இது உள்ள போயி கர்ப்பப்பையில முடியுது."

"ரெண்டு வழிதானே டாக்டரம்மா?" என்று நஞ்சம்மா கேட்டாள். "மூத்திரம் வர்ற வழியாத்தானே எல்லாம்?"

"எத்தன பிள்ள பெத்த?"

"மூணு. ரெண்டு தங்கல."

டாக்டர் சிரிக்கவில்லை. ரெண்டு வழிதானே என்று கேட்கிற பெண்களை அவர் தினமும் பார்க்கிறவர். "இல்ல, மூணு. நடு வழியோட வாசல்ல மெல்லிசா ஒரு தோல் இருக்கும். அதுல எல்லாருக்கும் இடைவெளி இருக்கும், ரத்தம் வெளிய வரணும் இல்லையா? ஆயிரம் ரெண்டாயிரத்துல ஒரு பொண்ணுக்கு இடைவெளியே இல்லாம மூடிக்கிட்டுப் பொறக்கும். யாரோட தப்பும் இல்ல. இவளுக்கு அப்படி. மாசாமாசம் ஆகியிருக்கா. வெளிய வர வழியில்லாம உள்ளயே சேர்ந்திருக்கு. அது மூத்திரப் பையை அமுக்கிடுச்சு. சின்னதா ஒரு கீறல், அவ்வளவுதான். நாளைக்கே எழுந்து நடப்பா. கல்யாணத்துக்கும் தடையில்ல, பிள்ளை பெத்துக்கறதுக்கும் தடையில்ல."

நாற்பது வயசு நஞ்சம்மா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் குடியிருக்கிற வீட்டில் ஒரு அறை இருப்பதை இத்தனை வருஷம் கழித்து யாரோ வந்து காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. மகள் மாசாமாசம் சுருண்டு கிடந்தது வரிசையாக நினைவுக்கு வந்தது. நடிக்காதே என்று அதட்டியதும் கூடவே வந்தது.

"மாசாமாசம் வலின்னு சொல்லியிருப்பாளே, அப்பவே காட்டியிருந்தா இவ்வளவு அவஸ்தை இல்ல. ஏன் காட்டல?" என்றார் டாக்டர்.

அப்போதுதான் நஞ்சம்மா உடைந்தாள். கோழிக்குஞ்சிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீ பந்தல் போட்டு ஆறு மாசத்துக்குள்ள அவ நெசமாவே ஆளாயிருக்காம்மா" என்றார். "உனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல."

அன்று பிற்பகலே மயக்க மருந்து கொடுத்துக் கீறிவிட்டார்கள். ஒரு செம்பு நிறையக் கருத்துத் தடித்த ரத்தம். இரண்டு நாள் வைத்திருந்து மூன்றாம் நாள் அனுப்பும்போது, கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லி டாக்டர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். கர்ப்பம் இல்லை, பிறவியிலேயே உள்ள அடைப்பு, இதற்கு முன் ஒரு முறைகூட மாதவிடாய் வெளிப்பட்டதில்லை, இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது, வேலைக்கு வரலாம். இதைத் தமிழில் படித்துச் சொன்னதும் நஞ்சம்மா டாக்டரின் காலைத் தொட்டாள்.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. இதுக்கு முன்னாடி ஆனதில்லன்னு இருக்கே, அது வேணாம். கட்டி எடுத்தோம்னு எழுதிக் குடுங்க."

"இல்லாத கட்டிய எழுத மாட்டேன். அந்த வரிதான் உம் பொண்ணக் காப்பாத்தும். அதையும் எடுத்துட்டா எங்கிட்ட எதுக்கு வந்தே?"

கடிதத்தை நஞ்சம்மா சுருக்குப் பைக்குள் வைத்தாள். மூன்று வழியும் வரைந்த சீட்டை அத்திப்பள்ளிக்கு முன்பே நாலாகக் கிழித்து பஸ் ஜன்னல் வழியாக விட்டெறிந்தாள். முத்துமணி அதைப் பார்த்தாள். அத்திப்பள்ளியில் காய்கறிப் பையோடு ஏறினாள் பக்கத்து வீட்டு நாராயணம்மா. தெருவில் யார் வீட்டு விஷயமானாலும் முதலில் தெரிந்து கடைசிவரை மறக்காதவள்.

"மூணு நாளா வீடு பூட்டிக் கெடக்குதே, எங்க போயிருந்தீங்க?"

"ஆனேக்கல்ல ஒரு வேண்டுதல்" என்றாள் நஞ்சம்மா.

நாராயணம்மா முத்துமணியின் வெளுத்த முகத்தையும் வற்றிப்போன வயிற்றையும் பார்த்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போகிற தாய்மார்கள் எதற்குப் போகிறார்கள் என்பது ஓசூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாராயணம்மா சின்னப் பிள்ளையும் இல்லை.

சேதி குந்தாரப்பள்ளிக்குப் போய்ச் சேர நாலு நாள்தான் ஆயிற்று. ஐந்தாம் நாள் சென்னப்பன் வந்தார். வெற்றிலையைத் தொடவில்லை.

"என்னாம்மா கேள்விப்படறேன்?"

"கட்டிண்ணா. வயித்துல கட்டி. எடுத்தாச்சு."

"எந்த எடத்துல கட்டி? கர்ப்பப்பையிலயா?"

 சுவரோரம் நின்றிருந்த முத்துமணி, "அம்மா, மாமாகிட்ட சொல்லும்மா" என்றாள். "நெசத்த சொல்லும்மா. அந்த லெட்டர எடுத்துக் காட்டு."

சொல்லலாம். எதைச் சொல்வது? நீ ஓலை வெட்டிக் குடிசை கட்டியது கோழிக்குஞ்சுக்கு என்றா? நீ ஊரைக் கூட்டிச் சீர் வைத்தது பொய்க்கு என்றா? சென்னப்பன் சந்தையில் நூறு பேரை ஏமாற்றுகிறவர், தன்னை ஒருத்தி ஏமாற்றினாள் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் அவள் வாசலை மிதிக்க மாட்டார். நஞ்சம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவர் ஒருத்தர்தான். "சின்னக் கட்டிதான்ணா" என்று மறுபடியும் சொன்னாள்.

"கர்ப்பப்பையில கட்டின்னா பையையே எடுத்துடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இல்ல, ஊர் சொல்றதுதான் நெசமா? எதுவா இருந்தாலும் எம் பையனுக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டுச் சென்னப்பன் எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது மருமகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

முத்துமணி அழவில்லை. "கரியப்பன் போனா போவட்டும். எனக்கு வேலை வேணும். இன்னும் ஒரு மாசம் போனா பர்மனன்ட். நாளைக்கு லெட்டரக் குடுத்துட்டு வரலாம். நீ ஒண்ணும் பேச வேணாம், கேட்டா மட்டும் நெசத்த சொல்லு. அது போதும்" என்றாள்.

நஞ்சம்மா சரி என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டுதான் மறுநாள் புறப்பட்டாள்.

பர்சனல் ஆபீசர் கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது காது சிவந்துவிட்டது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்லா வேலை செய்யற பொண்ணு. எனக்கும் அனுப்ப மனசில்ல. ஆனா இதுல ஒரு குழப்பம் இருக்கு. இதுவரைக்கும் ஒரு தடவகூட ஆனதில்லன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. எங்க ரெஜிஸ்டர்ல மாசாமாசம் அதுக்குன்னு சொல்லி மாத்திரை வாங்கியிருக்கா. ரெண்டுல எது நெசம்?"

"வலி நெசம் சார். பேரு மட்டும்தான் தெரியாம சொன்னேன்" என்றாள் முத்துமணி.

"நீ இரும்மா. நீங்க தாயாரு, நீங்க சொன்னா போதும். நான் எழுதிக்கறேன். உங்க பொண்ணு வயசுக்கு வந்தாளா இல்லையா? எப்ப வந்தா?"

நஞ்சம்மா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு உள்ளே வந்தான் அட்டெண்டர் ஆஞ்சப்பன். குந்தாரப்பள்ளிக்காரன். சென்னப்பன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வீடு. மஞ்சள் நீராட்டுக்கு வந்து மைக் செட் கட்டியவனே அவன்தான். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, போகாமல், நஞ்சம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு வருஷம் ஆச்சுங்க சார்" என்றாள் நஞ்சம்மா. "ஊரறிய மஞ்சத் தண்ணி ஊத்தினோம். இதோ நிக்கிறாரே, இவரே வந்திருந்தாரு."

அது தானாக வாயில் வந்துவிட்டது. மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆஞ்சப்பன் ஆமாம் என்று தலையாட்டினான். பர்சனல் ஆபீசர் கடிதத்தை மடித்து, தொடப் பிடிக்காததைப் போல விரல் நுனியால் அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டார். "எல்லை தாண்டினா எந்த லெட்டர் வேணும்னாலும் கிடைக்கும்மா" என்றார். "கூட்டிட்டுப் போங்க."

அறையை விட்டு வெளியே வருகிறவரை நஞ்சம்மாவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைக்கவில்லை. முத்துமணி முன்னால் நடந்தாள். கேட்டுக்கு வெளியே மதிய ஷிப்டுக்கு வந்த பெண்கள் கும்பல் கும்பலாக நின்றிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கும்பலிலிருந்து ரோஷன் பீ மட்டும் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி எளைச்சுப் போயிட்ட பாரு" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "போனது போவட்டும்டி. யாரு என்ன சொன்னாலும் நான் உன்ன தப்பா நெனைக்க மாட்டேன். அல்லா சாட்சியா யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

முத்துமணி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நஞ்சம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் எதையும் எதிர்பார்க்கிற லட்சணமே இல்லை. அதுதான் நஞ்சம்மாவை உலுக்கியது. வந்தது வரட்டும், அண்ணன் போகட்டும், ஊர் போகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"இல்லம்மா ரோஷனு, நீ நெனைக்கறது இல்ல. நான் சொல்றேன் கேளு."

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சொல்வதற்கு வார்த்தை இல்லை என்று. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பேர் மறந்துவிட்டது. அந்த இடத்துக்கு நஞ்சம்மாவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் குழாயடிச் சண்டையில் ஒருத்தி மேல் ஒருத்தி வீசுகிற வசவுகள். நல்லவிதமாகச் சொல்ல ஒன்றையும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. மூத்திரம் போகிற இடத்துக்குக் கீழே, நடுவில் ஒரு வழி, அதில் ஒரு தோல் என்று கையைக் காட்டிக் காட்டித் திக்கித் திணறிச் சொன்னாள். வெளியே வராத ரத்தத்தைச் சொன்னாள். கோழிக்குஞ்சைச் சொன்னாள், பாவாடையைச் சொன்னாள், ஒதுங்கி உட்கார வைத்ததைச் சொன்னாள், நடிக்காதே என்று அதட்டியதைச் சொன்னாள். "எம் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லம்மா. எல்லாப் பாவமும் என்னோடது" என்று நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ரோஷன் பீ பொறுமையாகக் கடைசிவரை கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு முத்துமணியின் பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மா உன்னக் காப்பாத்தறதுக்காக எப்படியெல்லாம் சொல்றாங்க பாருடி" என்றாள். "எல்லாப் பழியையும் தன் தலையிலயே இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. எங்கம்மாவா இருந்தா அன்னிக்கே என்னக் கொன்னு போட்டிருப்பாங்க. பெத்தவங்கன்னா இப்படி இருக்கணும்."

"ஆமாக்கா" என்றாள் முத்துமணி. "எங்கம்மாவுக்கு எதச் சொன்னாலும் நம்பற மாதிரிதான் சொல்ல வரும். இன்னிக்குத்தான் கொஞ்சம் தடுமாறிட்டாங்க."

ஷிப்டு சங்கு ஊதியது. ரோஷன் பீ அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நஞ்சம்மா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். முத்துமணி கையை உருவிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றுகொண்டாள்.